சிலேட்டும் விடைத்தாளும்

(இரண்டாம் ஆண்டு, பி.எஸ்ஸி. கணிதம்)

பருவத் தேர்வு நெருங்கிவிட்டால் நம் கல்லூரியின் மரத்தடிகளிலும் மாடிப்படிகளிலும் உதடுகள் அசையத் தொடங்கிவிடுகின்றன. கண்ணை மூடிக்கொண்டு தேற்றங்களை ஒப்பிப்போர் சிலர். உள்ளங்கையால் புத்தகத்தை மறைத்து வரிவரியாகச் சொல்லிப் பார்ப்போர் சிலர். கடந்த ஐந்தாண்டு வினாத்தாள்களைப் பரப்பி வைத்துக்கொண்டு இவ்வாண்டு எது வரும், எது வராது என்று சோதிடம் கணிப்போர் பலர். உருப்போடாதீர்கள், புரிந்து படியுங்கள் என்று மேடைதோறும் அறிவுரை வழங்கப்படுகின்றது. மூன்று மணி நேரத்தில் வினாத்தாள் முழுவதற்கும் விடை எழுதியாக வேண்டியவன் அதை எப்படிச் செய்வது என்பதைத்தான் எவரும் விளக்கிச் சொல்வதில்லை.

டிசம்பர் 22, கணித மேதை இராமானுஜன் பிறந்த நாள். 2012 முதல் அந்நாள் தேசியக் கணித நாளாகக் கொண்டாடப்படுகின்றது. அவ்விழாக்களில் அவரைப் பற்றி இரண்டு கதைகள் தவறாமல் சொல்லப்படும். தேர்வில் தோற்றும் உலகப் புகழ் பெற்றார் என்பது ஒன்று. தெய்வ அருளால் கனவிலேயே சூத்திரங்களைக் கண்டார் என்பது மற்றொன்று. முதற்கதை தோற்றவனுக்கு ஆறுதல். இரண்டாம் கதை படிக்காதவனுக்கு ஆறுதல். இவ்விரண்டுக்கும் நடுவே அவர் எப்படித்தான் படித்தார் என்று கேட்டால் பதில் கிடைப்பதில்லை. அதைத் தேடியே அவருடைய வரலாற்றைப் படிக்கத் தொடங்கினேன்.

இத்தேடல் எனக்கு ஏன் வேண்டியிருந்தது என்பதையும் சொல்லிவிடுகின்றேன். நான் மாத்தூரிலிருந்து வருபவன். எங்கள் குடும்பத்தில் கல்லூரிப் படியேறிய முதல் ஆள் நானே. தந்தைக்குக் கன்டெய்னர் யார்டில் சுமை ஏற்றி இறக்கும் வேலை. என்ன படிக்க வேண்டும், எப்படிப் படிக்க வேண்டும் என்று எடுத்துச் சொல்ல வீட்டில் ஒருவரும் இல்லை. வாய்விட்டுப் படித்தால்தான் அம்மாவுக்கு அது படிப்பு. சத்தம் நின்றுவிட்டால், தூங்கிவிட்டாயா என்று அடுக்களையிலிருந்து குரல் வரும். ஒரு கணக்கை எண்ணியபடி மௌனமாக உட்கார்ந்திருப்பதும் படிப்புதான் என்று அவருக்குப் புரிய வைக்க இன்னும் என்னால் முடியவில்லை. நம்முள் பலருடைய வீடும் இப்படித்தான் என்று எண்ணுகின்றேன்.

இராமானுஜன் 1887-ஆம் ஆண்டு ஈரோட்டில் தாய்வழிப் பாட்டி வீட்டில் பிறந்தார். வளர்ந்தது கும்பகோணத்தில், சாரங்கபாணி சந்நிதித் தெருவில் இருந்த சிறிய வீட்டில். தந்தை சீனிவாச அய்யங்கார் துணிக்கடையில் கணக்கெழுதி வந்தார்; மாதச் சம்பளம் இருபது ரூபாய் அளவே. தாயார் கோமளத்தம்மாள் கோயிலில் பாடி, கிடைத்ததைக் குடும்பத்துக்குச் சேர்த்தார். வீட்டில் கல்லூரி மாணவர்களைத் தங்க வைத்துச் சோறிட்டும் சிறிது வருமானம் தேடினர். அவ்வாறு தங்கிய மாணவர்களின் கணக்கு நூல்களே இராமானுஜனின் முதல் நூலகம் ஆயின.

1897-இல் தொடக்கப்பள்ளித் தேர்வில் தஞ்சை மாவட்டத்திலேயே முதலாவதாக வந்தார். அடுத்த ஆண்டு கும்பகோணம் டவுன் உயர்நிலைப் பள்ளியில் சேர்ந்தார். இங்கே ஒரு செய்தியை அழுத்திச் சொல்ல விரும்புகின்றேன். மனப்பாடத்தை வெறுத்தவராக இராமானுஜனைச் சித்திரிப்பது உண்மைக்கு மாறானது. பள்ளி நாள்களில் வடமொழி வினைப்பகுதிகளின் பட்டியலைத் தொடக்கம் முதல் இறுதி வரை தோழர்களிடம் ஒப்பித்து மகிழ்விப்பார். 'பை' என்னும் எண்ணின் தசம இலக்கங்களையும், இரண்டின் வர்க்கமூலத்தின் இலக்கங்களையும் கேட்ட அளவுக்குச் சொல்லிக்கொண்டே போவார். நினைவாற்றலில் அவரை வெல்ல அப்பள்ளியில் ஆள் இருந்திருக்க மாட்டார்கள். ஆகவே அவர் பின்னாளில் தேர்வில் தோற்றதற்கு நினைவாற்றல் இன்மை காரணம் அன்று.

பதின்மூன்றாம் வயதளவில் லோனி என்பவர் எழுதிய உயர்நிலைத் திரிகோணமிதி நூலைத் தாமாகவே படித்து முடித்தார். அக்காலத்தில் நடந்ததாக ஒரு செய்தி உண்டு. சைன், கொசைன் ஆகியவற்றை அடுக்குக்குறிச் சார்போடு இணைக்கும் உறவைத் தாமே கண்டுபிடித்துப் பூரித்திருந்தார். அதனை ஆய்லர் என்னும் மேதை நெடுங்காலத்துக்கு முன்பே கண்டுபிடித்துவிட்டார் என்று பின்னர் தெரிய வந்ததும், வெட்கத்தால் அத்தாள்களை வீட்டுக் கூரையில் ஒளித்து வைத்துவிட்டாராம். சிறுவனின் வெட்கம் நமக்குச் சிரிப்பைத் தரலாம். ஆனால் அந்த ஓர் உறவைக் கைக்கொண்டவனுக்கு இரு கோணங்களைக் கூட்டும் வாய்பாடும், இருமடங்கு மும்மடங்குக் கோண வாய்பாடுகளும் இரண்டு வரியில் வந்துவிடும். நாம் பிளஸ் ஒன் வகுப்பில் ஒரு பக்கம் முழுக்க உருப்போட்ட பட்டியல் ஒரே வேரின் கிளைகள் என்பதை அவர் அந்த வயதிலேயே கண்டிருந்தார்.

பிறகு வந்தது அந்தப் புகழ்பெற்ற புத்தகம். 1903-ஆம் ஆண்டளவில், பதினைந்து வயதில், நண்பர் ஒருவர் கும்பகோணம் அரசுக் கல்லூரி நூலகத்திலிருந்து எடுத்துவந்து கொடுத்தது. ஜி. எஸ். கார் என்னும் ஆங்கிலேயர் எழுதியது. தூய கணிதம், பயன்பாட்டுக் கணிதம் ஆகியவற்றின் முடிவுகளை எண்ணிட்டு வரிசைப்படுத்திய தொகுப்பு அது. ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட முடிவுகள் கொண்டது. மேதையை உருவாக்கிய நூல் என்றதும் பெரிய தத்துவ நூலாக இருக்கும் என்று நான் எண்ணியிருந்தேன். அது அவ்வாறானதன்று. கார் இலண்டனில் தனிப்பயிற்சி ஆசிரியராக இருந்தவர். கேம்பிரிட்ஜில் 'டிரைப்பாஸ்' என்னும் கணிதத் தேர்வு எழுதச் செல்வோருக்குப் பயிற்சி கொடுத்தபோது எழுதிய குறிப்புகளே அந்நூலாக விரிந்தன. நம் மொழியில் சொன்னால் அது ஒரு கைடு!

அக்காலத்து டிரைப்பாஸ் தேர்வின் கொடுமையைப் பற்றியும் சிறிது சொல்ல வேண்டும். தேறியவர்களை முதலாமவர், இரண்டாமவர் என்று வரிசைப்படுத்தி அறிவிப்பார்கள். முதலிடம் பெறுவது வாழ்நாள் பெருமை. அதற்காகத் தனி ஆசிரியர்களிடம் பணம் கட்டி, வினா வகைகளைப் பழகிப் பழகி, வேகமாக எழுதித் தள்ளும் பயிற்சியிலேயே மாணவர் பல ஆண்டுகளைக் கழித்தனர். பின்னாளில் இராமானுஜனைக் கேம்பிரிட்ஜுக்கு அழைத்த பேராசிரியர் ஹார்டியே 1898-இல் அத்தேர்வில் நான்காம் இடம் பெற்றவர். அம்முறை ஆங்கில நாட்டின் கணிதத்தையே பின்னடைய வைத்துவிட்டது என்று கருதிப் போராடியவர்களுள் அவர் முன்னின்றார். 1909-ஆம் ஆண்டோடு அந்த வரிசை அறிவிப்பு நின்றது. தேர்வுச் சுமையும் வினாவைக் கணிக்கும் சோதிடமும் நம் ஊருக்கே உரியவை என்று நாம் எண்ணிவிட வேண்டாம்.

அத்தகைய தேர்வுக்கென எழுதப்பட்ட கைடு ஒன்று தேர்வையே மறக்கச் செய்தது எப்படி? விடை அந்நூலின் அமைப்பில் இருக்கின்றது. காரின் நூலில் நிரூபணங்கள் மிகக் குறைவு. முடிவைச் சொல்லி, இது இன்ன எண்ணுள்ள முடிவிலிருந்து வருவது என்று பக்கத்தில் ஒரு குறிப்பை மட்டும் போட்டுவிட்டு அடுத்ததற்குப் போய்விடுவார். தேர்வு எழுதுகின்றவன் அம்முடிவை உருப்போட்டுக்கொள்வான். வகுப்பில் ஆசிரியர் நிரூபணத்தை நடத்தியிருப்பார். இராமானுஜனுக்கோ ஆசிரியரும் இல்லை, வேறு நூலும் இல்லை. ஆகவே ஒவ்வொரு முடிவும் அவருக்கு ஒரு புதிய கணக்காயிற்று. ஒன்றை நிறுவுவதற்குள் மற்றொன்று தோன்றும். அந்நூலில் இல்லாத முடிவுகளும் வரும். அவற்றைக் குறித்து வைக்கத் தொடங்கிய நோட்டுப் புத்தகங்களே இன்று உலகமெங்கும் போற்றப்படுகின்றன.

இதற்கெல்லாம் அவர் பயன்படுத்திய கருவி சிலேட்டுதான். தாள் வாங்கப் பணம் இல்லை. திண்ணையில் சப்பணமிட்டு அமர்ந்து, மடியில் பெரிய சிலேட்டை வைத்துக்கொண்டு குச்சியால் விறுவிறுவென்று எழுதுவார். துணியைத் தேடிக்கொண்டிராமல் முழங்கையால் அழிப்பார். வழி முழுவதும் சிலேட்டில் அழிந்துவிடும். முடிவு மட்டும் நோட்டில் ஏறும். அவருடைய நோட்டுகளில் நிரூபணம் இல்லாமல் முடிவுகளே வரிசையாக நிற்பதற்குக் காரின் நூல் காட்டிய மாதிரி ஒரு காரணம். தாளின் விலை மற்றொரு காரணம். வறுமை ஒருவருடைய கணிதத்தின் வடிவத்தையே தீர்மானித்துவிட்டதை எண்ணிப் பார்க்கும்போது வியப்பாக இருக்கின்றது.

சிலேட்டு முறையின் பயன் என்ன? எழுதியது அழிந்துவிடுவதால் மறுநாள் அது வேண்டுமானால் மறுபடியும் மனத்திலிருந்தே எடுக்க வேண்டும். 2006-ஆம் ஆண்டில் அமெரிக்காவில் ரோடிகர், கார்ப்பிக் என்னும் இரு உளவியல் அறிஞர்கள் கல்லூரி மாணவர்களை வைத்து ஒரு சோதனை நடத்தினர். ஒரு பாடத்தைத் திரும்பத் திரும்பப் படித்தவர்களும், படித்தபின் புத்தகத்தை மூடிவிட்டு நினைவிலிருந்து எழுதிப் பார்த்தவர்களும் ஒப்பிடப்பட்டனர். ஐந்து நிமிடம் கழித்துக் கேட்டபோது திரும்பப் படித்தவர்கள் முந்தினர். ஒரு வாரம் கழித்துக் கேட்டபோது எழுதிப் பார்த்தவர்களே முந்தினர். தேர்வு மண்டபத்து வாசலில் நின்று கடைசி நிமிடம் வரை புரட்டுகின்ற நம் வழக்கம் ஏன் இனிக்கின்றது, அடுத்த பருவத்தில் அப்பாடம் ஏன் நம்மிடம் இருப்பதில்லை என்பது இதனால் விளங்குகின்றது.

நம் பாடத்திலேயே ஓர் எடுத்துக்காட்டைச் சொல்லலாம். ஃபூரியர் தொடரின் கெழுக்களை உருப்போட்டவர்களுக்கு முன்னால் வருவது பையில் ஒன்றா, பையில் இரண்டா என்ற ஐயம் தேர்வு மண்டபத்தில்தான் பிறக்கும். தொடரை கொசைன் சார்பால் பெருக்கி, மைனஸ் பையிலிருந்து பை வரை தொகையிட்டால் மற்ற உறுப்புகள் அனைத்தும் சுழியாகி, ஒன்று மட்டும் பை என நிற்கும். பையில் ஒன்று தானாக வந்துவிடும். அரைவீச்சு எனில் பாதி இடைவெளி; ஆகவே பாதிப் பை; பையில் இரண்டு. தம்பியின் பழைய சிலேட்டில் நான்கு முறை இதைச் செய்து பார்த்தபின் எனக்கு அந்த ஐயம் வந்ததே இல்லை. ஆனால் ஒரு தேற்றத்துக்கு இப்படி ஒரு மணி நேரம் செலவாகின்றது என்பதையும் மறைக்க மாட்டேன். பருவத்தின் தொடக்கத்திலிருந்தே செய்தால் இயலும். தேர்வுக்கு முந்திய வாரத்தில் இயலாது. துணைப்பாடமான இயற்பியலின் வரையறைகளையும் அலகுகளையும் நான் இன்றும் உருப்போட்டே படிக்கின்றேன். இராமானுஜன் செய்யாது விட்டது இதுவே என்பது என் எண்ணம்.

1904-இல் அவர் உதவித்தொகை பெற்றுக் கும்பகோணம் அரசுக் கல்லூரியில் எஃப்.ஏ. வகுப்பில் சேர்ந்தார். நம்முடையதைப் போல அதுவும் ஓர் அரசுக் கல்லூரி. கணிதம் ஒன்றுதான் பாடம் என்றால் கவலையில்லை. ஆங்கிலமும், கிரேக்க ரோமானிய வரலாறும், உடலியலும், வடமொழியும் இருந்தன. எந்த வகுப்பில் அமர்ந்திருந்தாலும் அவர் கை கணக்கே போட்டது. ஆங்கிலக் கட்டுரைத் தாளில் தோற்றார், உதவித்தொகை போயிற்று. தாயார் கல்லூரி முதல்வரையே நேரில் கண்டு முறையிட்டார். முதல்வர் மரியாதையாகப் பேசினார், விதியை மாற்றவில்லை. 1905-இல் வீட்டில் சொல்லாமல் விசாகப்பட்டினத்துக்கு ஓடிப்போனார் இராமானுஜன். அந்தத் தாய் கல்லூரி அலுவலகத்தின் முன் நின்ற காட்சியை வாசித்தபோது, கட்டண நாள்களில் நம் அலுவலகச் சன்னலருகே நிற்கும் தாய்மார்களின் முகங்களே என் நினைவுக்கு வந்தன.

1906-இல் சென்னைப் பச்சையப்பன் கல்லூரியில் மறுபடியும் சேர்ந்தார். அக்கல்லூரி அப்போது சேத்துப்பட்டில் இல்லை. ஜார்ஜ் டவுனில் உயர்நீதிமன்றத்துக்கு எதிரே இருந்தது. அங்கே அவரை வீழ்த்தியது உடலியல். செரிமானம் பற்றிய தேர்வில் சில வரிகள் மட்டும் எழுதிவிட்டு, அந்த அத்தியாயமே தமக்குச் செரிக்கவில்லை என்று விடைத்தாளில் எழுதிக் கொடுத்தார் என்பர். 1906 இறுதியில் ஒரு முறையும் 1907-இல் தனித்தேர்வராக ஒரு முறையும் எழுதினார். இரு முறையும் எஃப்.ஏ. தேறவில்லை.

விழா மேடைகளில் இந்த இடத்தை அரை நிமிடத்தில் தாண்டிவிடுகின்றனர். அடுத்த நான்கைந்து ஆண்டுகள் எப்படிக் கழிந்தன என்பதை யாரும் சொல்வதில்லை. பட்டம் இல்லை; வேலை இல்லை. டியூஷன் சொல்லிக் கொடுக்க முயன்றார். பாடநூலில் உள்ள வழியை விட்டுவிட்டு வேறு வழிகளில் போய்விடுவார் என்பதால் அதுவும் நிலைக்கவில்லை. 1909-இல் ஜானகியோடு திருமணம் நடந்தது. அடுத்த ஆண்டு ஒரு மருத்துவர் கட்டணமின்றிச் செய்த அறுவை சிகிச்சையால் உடல் தேறியது. நண்பர்கள் இட்ட உணவில் பல நாள்கள் கழிந்தன. தேர்வில் தோற்றதால் இராமானுஜன் உயரவில்லை. தோற்றதால் அவர் பட்டினி கிடந்தார். இந்த வேறுபாட்டை நம்போன்றோர் மறந்துவிடக் கூடாது என்று கருதுகின்றேன். அரியர் வைத்திருக்கும் நண்பனிடம், இராமானுஜனே தோற்றவர்தானே என்று சொல்வது எளிது. அவர் வீட்டில் அரிசி இருந்ததா என்று எவரும் கேட்பதில்லை.

1910-இல் நோட்டுப் புத்தகங்களைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு திருக்கோவிலூருக்குச் சென்று, இந்தியக் கணிதச் சங்கத்தை நிறுவிய இராமசாமி அய்யரைக் கண்டார். அவர் வழியாக மற்றவர்கள். இறுதியில் நெல்லூர்க் கலெக்டர் இராமச்சந்திர ராவ். அவர் மாதம் இருபத்தைந்து ரூபாய் கொடுத்து ஆதரித்தார். 1911-இல் பெர்னூலி எண்களைப் பற்றிய முதற்கட்டுரை சங்கத்தின் இதழில் வெளிவந்தது. ஆயினும் உழைக்காமல் பணம் பெறுவது மனத்துக்கு ஒவ்வாமல், வேலை தேடினார்.

அவ்வேலை நம் பகுதியில் கிடைத்தது என்பது வடசென்னை மாணவர்களாகிய நமக்கு ஒரு தனி மகிழ்ச்சி. 1912-ஆம் ஆண்டு மார்ச் முதல் நாள், மதராஸ் துறைமுகக் கழகத்தில் கணக்குப் பிரிவு எழுத்தராக மாதம் முப்பது ரூபாய்ச் சம்பளத்தில் சேர்ந்தார். ஜார்ஜ் டவுனில் சைவ முத்தையா முதலி தெருவில் குடியிருந்தார். கப்பல்களும் மூட்டைகளுமாக இருந்த அத்துறைமுகத்தில் சரக்குகளைச் சுற்றி வந்த தாள்களைத் தேடி எடுத்து அவற்றில் கணக்குப் போட்டதாக அவரோடு பழகியோர் நினைவுகூர்ந்துள்ளனர். எழுதிய தாளின் மேலேயே சிவப்பு மையால் மறுபடியும் எழுதுவதும் உண்டு. மேலதிகாரியான நாராயண அய்யரும் கணிதம் படித்தவர். மாலை வேளைகளில் இருவரும் ஆளுக்கொரு சிலேட்டோடு அமர்வார்கள். இராமானுஜன் பத்துப் படிகளை ஒரே தாவலில் தாண்டிப்போக, மற்றவர்க்கும் விளங்கும்படி இடைப்படிகளை எழுதுமாறு நாராயண அய்யர் வற்புறுத்துவார். கழகத்தின் தலைவர் சர் பிரான்சிஸ் ஸ்பிரிங்கும் இந்த எழுத்தருக்காகப் பலரிடம் பரிந்து பேசினார். கல்லூரிகளில் கிட்டாத ஆதரவு ஒரு துறைமுக அலுவலகத்தில் கிட்டியது.

1913 சனவரி 16-ஆம் நாளிட்ட கடிதத்தில் தம் முடிவுகள் பலவற்றை எழுதிக் கேம்பிரிட்ஜிலிருந்த ஹார்டிக்கு அனுப்பினார். பின்னர் நடந்தவை அனைவரும் அறிந்தவையே. அவ்வாண்டே சென்னைப் பல்கலைக்கழகம் மாதம் எழுபத்தைந்து ரூபாய் ஆய்வு உதவித்தொகை அளித்தது. முதுகலைப் பட்டம் பெற்றோர்க்கே உரிய உதவித்தொகை எஃப்.ஏ. தேறாதவருக்கு வழங்கப்பட்டது. கும்பகோணத்தில் அசையாத விதி சென்னையில் ஒருவருக்காக வளைந்தது. 1914 மார்ச் 17-ஆம் நாள் கப்பலேறினார். அதிக வகுஎண்கள் கொண்ட எண்களைப் பற்றிய ஆய்வுக்காக 1916-இல் கேம்பிரிட்ஜில் பி.ஏ. பட்டம் பெற்றார். பன்னிரண்டு, இருபத்துநான்கு, முப்பத்தாறு, நாற்பத்தெட்டு, அறுபது என்று தமக்கு முன்னுள்ள எல்லா எண்களையும்விட மிகுதியான வகுஎண்கள் உடையவை அவை. 1918-இல் ராயல் சொசைட்டியின் உறுப்பினரானார். நோயோடு 1919-இல் தாயகம் திரும்பினார். 1920 ஏப்ரல் 26-ஆம் நாள் சேத்துப்பட்டில் காலமானார். வயது முப்பத்திரண்டு.

இறுதி ஆண்டிலும் படுக்கையிலிருந்தபடியே எழுதினார். ஜானகி அம்மையார் அத்தாள்களைச் சேர்த்து வைத்தார். அவை பல்கலைக்கழகத்தின் வழியாக இங்கிலாந்து சென்று, அங்கே பெட்டிகளுக்குள் மறைந்து கிடந்தன. 1976-இல் டிரினிட்டி கல்லூரி நூலகத்தில் ஆண்ட்ரூஸ் என்னும் அமெரிக்கக் கணித அறிஞர் அவற்றைக் கண்டெடுத்தார். நம் இராயபுரத்தில் 1993-இல் ஆசிரியர் பி. கே. சீனிவாசன் முயற்சியால் இராமானுஜன் அருங்காட்சியகம் ஒன்று தொடங்கப்பட்டது. ஜானகி அம்மையார் 1994 வரை வாழ்ந்திருந்தார்.

முன்னைய நோட்டுகளில் மூவாயிரத்துக்கும் மேற்பட்ட முடிவுகள் உள்ளன. பெரும்பாலானவற்றுக்கு நிரூபணம் எழுதப்படவில்லை. அமெரிக்கப் பேராசிரியர் புரூஸ் பெர்ன்ட் ஒவ்வொன்றாக எடுத்து, முன்பே நிறுவப்பட்டவற்றைச் சுட்டி, எஞ்சியவற்றுக்கு வழி கண்டு, ஐந்து தொகுதிகளாக வெளியிட்டார். முதல் தொகுதி 1985-இல் வந்தது. ஐந்தாவது 1998-இல் வந்தது. சிலேட்டில் முழங்கை பட்டு அழிந்துபோன வரிகளை மீண்டும் எழுதி முடிக்க அறிஞர்களுக்கு அத்தனை காலம் வேண்டியிருந்தது.